பட்டம் வந்தது, உத்தியோகம் எங்கே?

சென்ற வாரத் தபாலில், நமுனுகுல மலைச்சாரலிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் வந்திருந்தது. தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். தோட்டத்தின் பெயரை நானாகவே விட்டுவிடுகிறேன். கடிதம் நான்கு பக்கம். அதன் சாரத்தை மட்டும் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

சகோதரியின் தம்பி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. அந்தத் தோட்டத்துக்கு அவரே முதற் பொறியியலாளர். பட்டமளிப்பு முடிந்து ஊர் திரும்பிய அன்று மாரியம்மன் கோயில் முன்றலில் மாலையிட்டார்களாம். பாதை முகப்பில் அவருடைய படத்தோடு பதாகையும் கட்டினார்களாம். "பதாகை மழையில் வெளுத்துப்போய்விட்டது, ஐயா. தம்பி இன்னும் லயத்திலேயே இருக்கிறான்" என்று எழுதுகிறார் சகோதரி. தந்தை காலமாகிவிட்டார். தாயார் கொழுந்தெடுக்கிறார். இவர் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஏழாண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அந்தப் படிப்பை நிறைவேற்றி வைத்தவர். கடைசித் தங்கை உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிறாள்.

இப்போது அக்குடும்பத்தின் முன் மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, அரசாங்க உத்தியோகம் வரும்வரை பொறுத்திருப்பது. இரண்டு, வெலிமடைப் பக்கம் வீதி வேலைகளைச் செய்யும் ஒப்பந்தகாரர் ஒருவர் அழைத்திருக்கிறார், சம்பளம் சொற்பம், அங்கே போகத் தாயாருக்குச் சம்மதமில்லை. "சேற்றில் நிற்கவா இவனை எஞ்சினியருக்குப் படிக்கவைத்தோம்?" என்கிறாராம். மூன்று, பதுளை நகரில் ஒருவர் ஆறு இலட்சம் ரூபாய் கொடுத்தால் வளைகுடா நாடொன்றில் பொறியியலாளர் வேலை நிச்சயம் என்கிறார். பணம் மாத முடிவுக்குள் வேண்டுமாம். சகோதரியின் நகைகளை அடகுவைக்கலாமா என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. "எது சரியென்று ஒரு வழி சொல்லுங்கள்" என்பதோடு கடிதம் முடிகிறது.

சகோதரி, மூன்றாவதை முதலிற் பேசுவோம். தவணை குறித்திருப்பது அதற்குத்தானே. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தொழிலை ஒழுங்குபடுத்த 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் அமைந்ததே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையங்களே ஆள் திரட்டலாம். அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது; இன்ன நாட்டில், இன்ன நிறுவனத்தில், இன்ன வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதற்கும் பணியகத்தின் அங்கீகாரம் வேண்டும். ஆகவே அந்த மனிதரிடம் போய், அவருடைய நிலையத்தின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறுமாயின், அத்துடன் எழுந்து வந்துவிடலாம். எழுதித் தந்தால், 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தை அழைத்து விசாரியுங்கள்.

வளைகுடா நாடுகளில் இலங்கைப் பொறியியலாளர் பலர் கௌரவமாகத் தொழில் புரிகின்றனர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அறிந்தவர்களுள் பெரும்பாலோர் இங்கே சில ஆண்டுகள் வேலை பழகி, அந்த அனுபவத்தைக் காட்டிச் சென்றவர்கள். அனுபவமே இல்லாத பட்டதாரியை, அவனிடமே பணம் வாங்கிக்கொண்டு, பொறியியலாளராக அமர்த்துவதற்கு எந்தக் கம்பனிக்கு என்ன அவசரம்? போய் இறங்கியபின் பண்டசாலைக் கணக்கெழுதும் வேலை கிடைத்தால் யாரிடம் முறையிடுவது? உங்கள் நகைகள் உங்களுடையவை, அம்மா. அவற்றைப் பெட்டியிலேயே வையுங்கள்.

இனி அரசாங்க உத்தியோகம். அதை இகழ்ந்து பேச எனக்கு உரிமையில்லை. அந்தச் சோற்றையே நானும் முப்பது ஆண்டுகள் உண்டேன். இலங்கைப் பொறியியல் சேவைக்கு ஆள் சேர்க்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது, இணையத்தளத்திலும் வாசிக்கலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மகாவலி அதிகார சபை போன்றவை தாமாகவே விளம்பரம் செய்து ஆள் எடுப்பவை. தம்பி இவை அனைத்துக்கும் விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைத்தான் நான் வேண்டாமென்கிறேன். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நாடு 2022 ஏப்ரலில் அறிவித்ததன் பின்னர் அரசாங்க ஆட்சேர்ப்பு சுருங்கிற்று. வீதிகளும் கட்டடங்களும் பாதியில் நின்றன. ஒப்பந்தகாரர்கள் ஆட்களைக் குறைத்தார்கள். அந்தக் காலத்தில் முதுகில் விழுந்த அடி இன்னும் முழுதாக ஆறவில்லை. தம்பி எட்டு மாதம் சும்மா இருந்தது அவருடைய திறமைக் குறைவால் என்று அயலில் யாராவது சொன்னால், அதைத் தாயார் மனத்திற் கொள்ள வேண்டாம்.

அரசாங்க சேவையை விரும்புவோர் மற்றுமொன்றைக் கவனிக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி, அதற்குப்பின் சேர்ந்த உத்தியோகத்தர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்களத்தைக் கடைவீதியிலேயே கற்றுக்கொள்கிறார்கள், பேச்சில் சளைப்பதில்லை. எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். எட்டு மாதத்தில் அந்த எழுத்தைப் படித்திருக்கலாமே என்று எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. போகட்டும், இன்றைக்கே தொடங்கலாம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கு உரியவையாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே இரண்டு மொழியிலும் கடிதம் எழுதக்கூடிய பொறியியலாளர் கிடைப்பது அருமை.

இப்போது வெலிமடைக்கு வருவோம். என் அபிப்பிராயம் இதுதான்: முதல் வேலையைச் சம்பளத்தைக் கொண்டு அளக்கவேண்டாம், அங்கே கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார் என்பதைக் கொண்டு அளக்கவேண்டும். தாயாருக்கு இதை அவர் அறிந்த தொழிலைக்கொண்டே சொல்லுங்கள். அம்மா, நீங்கள் கூடையிலிருந்து கொழுந்தைக் கொட்டி நிறுத்துக் கொடுத்ததும் அது தேயிலை ஆகிவிடுகிறதா? ஸ்டோருக்குப் போய் மாடியில் வாடவேண்டும், ரோதையில் அரைபடவேண்டும், பதமாகப் புளிக்கவேண்டும், சூட்டில் காயவேண்டும், பிறகு சல்லடையில் தரம் பிரியவேண்டும். பல்கலைக்கழகம் நல்ல கொழுந்தைத் தந்திருக்கிறது. அவ்வளவே.

பொறியியல் தொழிலில் அந்த ஸ்டோர் வேலைக்கு ஒரு முறை உண்டு. 1906இல் ஒரு சங்கமாகத் தொடங்கி 1968இல் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், பட்டம் பெற்றவரை உடனே பட்டயப் பொறியியலாளர் என்று ஏற்பதில்லை. சில ஆண்டுகள் தகுந்தவர் மேற்பார்வையிற் பயிற்சியும் பொறுப்பான வேலையனுபவமும் பெற்று, அவற்றை அறிக்கையாக எழுதி, மூத்தோர் முன்னிலையில் பரிசோதனைக்கு உட்பட்டே அப்பெயரை அடையவேண்டும். வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கும் இதுவே நேர்வழி. 2014இல் நமது நிறுவகம் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பாயிற்று. அதன் பயனாக, நிறுவகம் அங்கீகரித்த பட்டங்கள் அவ்வுடன்படிக்கையில் அடங்கிய மற்ற நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. மேலும், 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியற் பேரவை ஒன்றை அமைத்து, பொறியியல் தொழில் புரிவோர் அதில் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென விதித்திருக்கிறது. தம்பி இந்த இரண்டு இடங்களிலும் தம் பெயரைப் பதிந்துகொண்டாரா என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

ஆகையால் வெலிமடை ஒப்பந்தகாரரிடம் அவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி: "உங்கள் வேலைத்தளத்தில் பட்டயப் பொறியியலாளர் இருக்கிறாரா? என் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்துக் கையொப்பமிடுவாரா?" நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் அந்த நிறுவனம் எந்தத் தரத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் விசாரிக்கலாம். சிறு வேலைக்காரர்கள் சி 9 என்ற தரத்தில் இருப்பார்கள். இலக்கம் குறையக் குறைய வேலை பெரிது. நியமனக் கடிதம் தருவார்களா, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கான நூற்றுக்குப் பன்னிரண்டைக் கட்டுவார்களா என்பதைக் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். கணக்கை மறைக்கும் இடத்தில் சிமெந்தையும் குறைப்பார்கள் என்பது என் அனுபவம். இக்கேள்விகளுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால், சொற்பச் சம்பளமானாலும் தம்பி போகவேண்டும். கிடைக்காவிட்டால் அதே வீதியில் வேறு ஒப்பந்தகாரரைத் தேடவேண்டும்.

தம்பியின் சுயவிபரக் கோவையையும் சகோதரி இணைத்திருந்தார். ஐந்து பக்கம்! ஒன்பதாம் வகுப்பில் வென்ற பேச்சுப் போட்டி இருக்கிறது; சாரணர் முகாம் இருக்கிறது. பல்கலைக்கழக நாட்களில் நைட்டா ஊடாகப் பெற்ற தொழிற்பயிற்சிக்கு ஒரே ஒரு வரி. தலைகீழாக இருக்கிறது, தம்பி. எந்த வேலைத்தளம், எத்தனை வாரம், என்ன செய்தீர்? கொங்கிறீட்டுக் கனங்களை நொறுக்கிப் பார்த்தீரா? மட்டம் பிடித்தீரா? கம்பி அட்டவணை எழுதினீரா? வேலை கொடுப்பவர் தேடுவது அதைத்தான். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். அத்தாட்சி கூறுவோர் என்று ஓர் அரசியல்வாதியின் பெயரையும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் பெயரையும் கொடுத்திருக்கிறீர். பயிற்சியில் மேற்பார்வை செய்த பொறியியலாளரும் உமது பேராசிரியரும் என்ன குற்றம் செய்தார்கள்?

அடுத்தது விலாசம். சிரிக்கவேண்டாம், இதனால் நான் ஓர் உத்தியோகத்தையே இழந்தவன். நான் பட்டம் பெற்ற வருடம், ஒரு திணைக்களத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துத் தபால் எல்லாம் காரியாலயத்துக்கே போகும். அங்கே யாரோ அதை ஒரு பேரேட்டுக்குள் வைத்து மறந்துவிட்டார்கள். பரீட்சை செவ்வாய்க்கிழமை, கடிதம் என் கைக்கு வந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. உறையின்மேல் பதுளைத் தபால் முத்திரையின் திகதி பதினொரு நாள் பழையது. என் தகப்பனார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, "ஒன்றுமில்லை" என்று சொன்னேன். வீடில்லாத மனிதர் போல, விலாசமில்லாத மனிதராக நம் மக்கள் பல தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். இன்று மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்துவிட்டன என்றாலும், அரசாங்கக் கடிதங்கள் பல இன்னும் தபாலிலேயே வருகின்றன. ஆதலால் பதுளையிலோ பசறையிலோ நம்பிக்கையான கடைக்காரர் அல்லது ஆசிரியர் ஒருவரின் விலாசத்தை, அவருடைய சம்மதத்தோடு கொடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள்.

நேர்முகப் பரீட்சையைப் பற்றிச் சகோதரி கேட்கவில்லை. ஆயினும் கேட்டிருக்கவேண்டியது அதுவே. அரசாங்க வேலைக்குச் சென்ற ஒரு பரீட்சையில், ஊர் எது என்று கேட்டதும் தம்பி "பதுளை நகரம்" என்று சொன்னாராம். தோட்டமென்று சொல்ல மனம் வரவில்லையாம். எனக்கு இது புரிகிறது. நானும் ஒருமுறை அப்படியே சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பொறியியல் படித்த ஒருவனுக்கு ஊவாத் தோட்டத்தைவிடப் பெரிய ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்?

1924இல் இரயில் பதுளையை வந்தடைந்தது. மலையிரயிலின் பாதை 44 அடிக்கு ஓர் அடிக்குமேல் ஏறவோ இறங்கவோ கூடாது. தெமோதரையில் அந்த அளவுக்குள் இறங்க இடம் போதவில்லை. பாதையை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றுவதைப் பார்த்த வெள்ளைக்காரப் பொறியியலாளருக்கு அந்த யோசனை உதித்தது என்று ஊரிலே கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, கணக்கு மெய். அந்தச் சுற்றின் வழியாகப் பல்கலைக்கழகம் போய்வந்த பிள்ளை, "உமது ஊரில் உள்ள ஒரு பொறியியல் வேலையை விளக்கும்" என்று கேட்டால் விழிக்கலாமா?

உமாஓயாத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணை கட்டி, மலையைக் குடைந்து நீரைக் கொண்டுபோய், நிலத்தடி நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். 2024 ஏப்ரல் 24ஆந் திகதி திறந்துவைத்தார்கள். அந்தச் சுரங்கத்தைத் துளைத்துக்கொண்டிருந்த காலத்தில், 2014 டிசம்பரில், நிலத்தடி நீர் உள்ளே பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. பாறைக்குள் ஓடும் நீரை முன்கூட்டி அறியாவிட்டால் மேலே வாழ்பவனுக்கு என்ன நேரும் என்பதைப் புத்தகத்தில் படித்தவன் ஒருவகை. கிணறு வற்றியதைக் கண்டவன் வேறொருவகை.

அதே ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பிலே இருந்தது; மக்கள் லயத்திலே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'திட்வா' புயலின் மழையில் பதுளை மாவட்டத்தில் மீண்டும் எத்தனை சரிவுகள்! சரிவைத் தாங்கும் சுவர், மலைக்குள் நீரை வடிக்கும் குழாய், மண்ணை ஆணியடித்தது போல் பிணைக்கும் கம்பி, இவையெல்லாம் இனிப் பல்லாண்டுகளுக்கு நம் மலைகளில் நடக்கவேண்டிய வேலைகள். வாடைக்காற்று மழையில் எந்தக் கரையில் நீர் கசியும், எந்தக் கான் அடைபடும், எந்த மரம் சாயத் தொடங்கினால் மண் நகர்கிறது என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். கொழும்பில் வளர்ந்த கெட்டிக்காரனுக்கு அதைத் தெரிந்துகொள்ளப் பல மழைக்காலம் வேண்டும். வெலிமடை ஒப்பந்தகாரர் செய்வது வீதியோரத் தடுப்புச்சுவர் வேலை என்று சகோதரி எழுதியிருக்கிறார். அது சேற்றில் நிற்கும் வேலைதான். அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான், அம்மா, உங்கள் மகன் நாலு வருஷம் படித்தார்.

இயந்திரப் பொறியியலும் மின்பொறியியலும் கற்ற தம்பிமாருக்கு இங்கே ஒரு வார்த்தை. தோட்டத்து ஸ்டோரை ரோதைமுனி காவல் காக்கிறார் என்று நம்புகிறோம்; விறகை விழுங்கும் அடுப்பையும் மின்சாரத்தை விழுங்கும் வாட்டு விசிறியையும் சீர்செய்வது முனியின் வேலையன்று. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றதிலிருந்து, எரிபொருட் செலவைக் குறைத்துக் காட்டக்கூடியவனுக்கு அங்கே செவி உண்டு. முற்காலத்தில் பல தோட்டங்கள் தம் அருவியிலேயே சிறு சுழலி வைத்து இயந்திரம் ஓட்டின. டி. ஜே. விமலசுரேந்திர என்ற நம் நாட்டுப் பொறியியலாளர் நீர்மின்சாரத்தைப் பற்றிய தம் கட்டுரையைப் பொறியியற் சங்கத்தின் முன் வைத்தது 1918இல். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அவர் இடையில் அரசாங்க சபைக்கே போய்ப் பேசவேண்டியிருந்தது. இத்துறையில் பொறுமைக்கு வேலை அதிகம்.

கடைசியாகச் சகோதரிக்கு ஒரு விஷயம். நான்கு பக்கக் கடிதமும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. விண்ணப்பங்களை அனுப்புவதும், தரகரைப் பார்ப்பதும், எனக்கு எழுதுவதும் நீங்களே. தம்பிக்கு இருபத்தாறு வயது என்கிறீர்கள். பதுளைக்குப் போய் அந்தத் தரகரிடம் மூன்று விபரங்களையும் கேட்டு வருவது அவருடைய வேலையாக இருக்கட்டும். வெலிமடைக்கும் அவர் தனியே போகட்டும். சான்றிதழ்களின் பிரதிகள், பயிற்சி அறிக்கை, நல்ல குடை, கனத்த சப்பாத்து இவை போதும். ஒப்பந்தகாரர் என்ன பதில் சொன்னார், கையொப்பமிட ஒரு பட்டயப் பொறியியலாளர் உண்டா என்பதை அவரே எனக்கு எழுதவேண்டும். அக்கடிதத்துக்குப் பதில் இப்பக்கத்தில் வராது, தபாலிலேயே அனுப்புகிறேன். விலாசம் எழுத மறக்கவேண்டாம்.

லுணுகலையிலிருந்து ஒரு மாணவி, உயர்தரத்தில் பௌதிகப் பிரிவை எடுக்க ஆசையிருந்தும் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையென்று எழுதியிருக்கிறார். அவருக்கு அடுத்த வாரம்.